ஏழு வருடம் கார்ட்டூன் ஹீரோவுக்குக் குரல் கொடுத்தேன். எனக்கு என்ன உரிமை?

சென்னையைச் சேர்ந்த 36 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கோடம்பாக்கம், சாலிகிராமம் பக்கத்து ஸ்டுடியோக்களில் டப்பிங் பேசுபவர். குழந்தைகள் சேனல் ஒன்றில் வந்த வெளிநாட்டு சூப்பர்ஹீரோ கார்ட்டூன் தொடரின் தமிழ் வடிவத்தில், 2015 முதல் 2022 வரை, ஹீரோவான சிறுவனுக்கு இவர்தான் குரல். (சிறுவர்களின் குரலைப் பெரும்பாலும் பெண்கள்தான் பேசுகிறார்கள் என்பது வீட்டில் பார்க்கிற பலருக்குத் தெரியாது. பையனை வைத்துப் பேச வைத்தால் இரண்டு வருடத்தில் குரல் உடைந்துவிடும்.) ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் வவுச்சரில் கையெழுத்துப் போடுவார், பணம் பிறகு வங்கிக்கு வரும். இது தவிர ஒப்பந்தம் எதுவும் கிடையாது.

புதிய சீசன் வந்தபோது வேலை வேறு ஸ்டுடியோவுக்குப் போனது. ஹீரோவுக்கு வேறொருவரைப் பேச வைத்துவிட்டார்கள். இவருக்கு ஒரு போன்கூட வரவில்லை. பழைய எபிசோடுகள் ஓடிடியிலும் யூடியூபிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதற்குப் பணமும் இல்லை, எங்கும் பெயரும் இல்லை. "ஆங்கிலத்தில் பேசியவருக்கு மறு ஒளிபரப்புக்கெல்லாம் பணம் போகிறதாம், எனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்கிறார். இந்த நேரத்தில் ஒரு தொழில்நுட்ப நிறுவனம், 25 மணி நேரம் குரல் பதிவு செய்து தந்தால் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்கிறது. ஏஐ பயிற்சிக்காம். இயல்பான குரலிலும் வேண்டும், "அந்தப் பையன் குரலிலும்" வேண்டும். மாதக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் பாக்கி நிற்கிறது. வழக்குப் போட்டு ஹீரோவைத் திரும்ப வாங்க முடியுமா, குரலுக்கு காப்பிரைட் பதிவு செய்யலாமா, ஏஐ வேலையை ஒப்புக்கொள்ளலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஏஐ ஒப்பந்தத்தில், இப்போது இருக்கிற வடிவில், கையெழுத்துப் போடாதீர்கள். வேலையையே வேண்டாம் என்று சொல்லவில்லை. காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் உங்களை அதிகம் வருத்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

ஹீரோ யாருடையவன்?

ஏழு வருடம் ஒரு பாத்திரத்துக்குள் இருந்துவிட்டால் அவன் நம் பிள்ளை மாதிரி ஆகிவிடுவான் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டத்தில் அந்தப் பாத்திரம், அவன் உருவம், பெயர், அவன் அடிக்கடி சொல்லும் வசனம் எல்லாமே தயாரிப்பு நிறுவனத்தின் சொத்து. அடுத்த சீசனுக்கு யாரைப் பேச வைப்பது என்பது அவர்கள் முடிவு. உங்களைத்தான் கூப்பிட வேண்டும் என்று எழுத்தில் ஒப்பந்தம் இருந்திருந்தால் நிலைமை வேறு. அது இல்லை. இந்தக் கோரிக்கையோடு நீதிமன்றம் போனால் பணமும் காலமும்தான் போகும் என்பது என் உறுதியான கருத்து.

இது தமிழ் டப்பிங்குக்கு மட்டும் நேர்வதும் இல்லை. அமெரிக்காவில் கெவின் கான்ராய் என்ற நடிகர் 1992-இல் தொடங்கிய பேட்மேன் கார்ட்டூன் தொடருக்குக் குரல் கொடுத்தார். முகமூடி இல்லாத புரூஸ் வேய்னுக்கு ஒரு குரல், அவரே முகமூடி போட்டு பேட்மேன் ஆனதும் இன்னொரு குரல் என்று பிரித்துப் பேசியவர். 2022-இல் அவர் இறந்தபோது, பேட்மேன் என்றாலே காதில் கேட்பது அவர் குரல்தான் என்று உலகம் முழுவதும் ரசிகர்கள் எழுதினார்கள். அப்படிப்பட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே, 2004-இல் வந்த பேட்மேன் தொடருக்கு ரீனோ ரொமானோவும், 2008-இல் வந்த தொடருக்கு டீட்ரிச் பேடரும் பேசினார்கள். பவர்பஃப் கேர்ள்ஸ் தொடரை 2016-இல் புதிதாக எடுத்தபோது பழைய மூன்று குரல்களையும் மாற்றிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான டாரா ஸ்ட்ராங் தன் வருத்தத்தை வெளிப்படையாகவே சொன்னார். வருத்தப்பட முடிந்தது, தடுக்க முடியவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 1992-இல் தொடங்கிய எக்ஸ்-மென் தொடரில் வுல்வரீனுக்குப் பேசிய கேல் டாட், 2024-இல் அதன் தொடர்ச்சி வந்தபோது மறுபடி அழைக்கப்பட்டார். டீன் டைட்டன்ஸ் தொடரின் ஐந்து குரல்களும் 2013-இல் வந்த புதிய வடிவத்துக்கு அப்படியே திரும்பி வந்தன. அழைத்தவர்கள் உரிமைக்கு பயந்து அழைக்கவில்லை; அந்தக் குரல்கள் வேண்டும் என்று நினைத்தார்கள், அழைத்தார்கள். அதனால் புதிய ஸ்டுடியோவின் கோ-ஆர்டினேட்டருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதைவிட, வாய்ஸ் டெஸ்டுக்குத் தயாராக இருக்கிறேன் என்று மரியாதையாக ஒரு மெயில் அனுப்புவது உங்களுக்கு அதிகம் உதவும்.

வவுச்சரில் எல்லாம் போய்விட்டதா?

"கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி எனக்கு எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இது சரியில்லை. பாத்திரம் உங்களுடையது இல்லாவிட்டாலும், அந்த மைக் முன்னால் நீங்கள் செய்தது உங்களுடையது. நம் பதிப்புரிமைச் சட்டம் 1957, அதை நிகழ்த்துநர் உரிமை என்கிறது. நடிகர், பாடகர் என்று பட்டியல் போட்டுவிட்டு, நிகழ்ச்சி நிகழ்த்தும் வேறு எவரும் என்று சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஸ்டுடியோவுக்குள் ஒலிப்பதிவு செய்ததும் நிகழ்ச்சிதான் என்று 2013-ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகள் விளக்குகின்றன. இந்த உரிமைக்குப் பதிவு தேவையில்லை. நிகழ்த்திய ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 வருடம் அது நிற்கும். 2015-இல் நீங்கள் பேசிய எபிசோடுக்கு 2065 முடியும் வரை உங்களுக்கு உரிமை உண்டு.

2012-இல் வந்த திருத்தம் இதை இன்னும் பலப்படுத்தியது. 38-ஏ பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. படத்தில் உங்கள் நடிப்பைச் சேர்த்துக்கொள்ள நீங்கள் எழுத்தில் சம்மதித்துவிட்டால், தயாரிப்பாளர் அதே படத்தில் அதைப் பயன்படுத்துவதை நீங்கள் தடுக்க முடியாது. (கார்ட்டூன் எபிசோடும் சட்டத்தின் பார்வையில் சினிமா படம்தான்.) ஆனால் வணிக நோக்கில் பயன்படுத்தினால் உங்களுக்கு ராயல்டி பெறும் உரிமை உண்டு என்று அதே பிரிவு சேர்த்துச் சொல்கிறது. ஒளிபரப்பும் அந்த வணிகப் பயன்பாட்டில் அடங்கும் என்று 2013 விதிகள் தெளிவாக்குகின்றன.

அப்படியானால் ஏன் ஒரு பைசாவும் வரவில்லை? சட்டத்தில் உரிமை இருப்பதும், அதை வசூலிக்க ஒரு அமைப்பு இருப்பதும் வேறு வேறு. பாடகர்களுக்காக 2013-இல் ஒரு பதிப்புரிமைச் சங்கம் பதிவானது; அது அவர்களுக்காக ராயல்டி வசூலிக்கிறது. டப்பிங் கலைஞர்களுக்கு அப்படிப் பதிவு பெற்ற வசூல் சங்கம் இல்லை. எபிசோடுக்கு எவ்வளவு, யார் தருவது என்பதற்குக் கட்டண அட்டவணையும் இல்லை. ஆங்கிலக் குரலுக்கு மறு ஒளிபரப்புப் பணம் போவது உண்மைதான். அது அந்த ஊர் சட்டம் தானாகக் கொடுத்ததில்லை. அங்கே 1960-இல் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்து, தொலைக்காட்சியில் காட்டப்படும் படங்களுக்குப் பங்கு வாங்கினார்கள். அதன் பிறகும் தொழிற்சங்கம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் பேசிப் பேசிக் காப்பாற்றி வருகிறது. நம் டப்பிங் யூனியன் தினக் கட்டணத்துக்குப் பேசுகிற அளவு ராயல்டிக்கும் பேச வேண்டும் என்பது என் ஆசை. நீங்கள் உறுப்பினர் என்றால் பொதுக்குழுவில் இதை எழுத்தில் வையுங்கள்.

இப்போது அந்த வவுச்சர்களை எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் வெறும் தேதி, எபிசோட் எண், தொகை மட்டும் இருக்கும். சிலவற்றின் பின்பக்கம் "எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று பொடி எழுத்தில் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது. உரிமையை எழுதிக்கொடுக்கும்போது கால அளவு சொல்லவில்லை என்றால் ஐந்து வருடம், இடம் சொல்லவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. எழுதிக்கொடுத்த காலத்தில் இல்லாத, அல்லது வணிகப் புழக்கத்துக்கு வராத ஒரு பயன்பாட்டு முறைக்கு, அதைக் குறிப்பாகப் பெயர் சொல்லாத பத்திரம் செல்லாது என்று 18-ஆம் பிரிவு சொல்கிறது. இந்த இரண்டு பிரிவுகளும் தேவையான மாற்றங்களோடு நிகழ்த்துநர் உரிமைக்கும் பொருந்தும் என்கிறது 39-ஏ பிரிவு. 2015-இல் யூடியூப் இருந்தது. அதனால் யூடியூபுக்கு இந்த வாதம் எடுபடாது. ஆனால் நாளைக்கு யாராவது அந்தப் பழைய ஒலிப்பதிவுகளை ஏஐக்குக் கொடுத்து உங்கள் குரலை உருவாக்கினால், "2015 வவுச்சரில் நான் இதற்குச் சம்மதிக்கவில்லை" என்று சொல்ல உங்களிடம் வலுவான வாதம் இருக்கிறது. அதனால் ஒரு வவுச்சரைக்கூடக் கிழித்துப் போடாதீர்கள். ஜெராக்ஸ் இல்லாத நாட்களுக்கு உங்கள் வருமான வரிக் கணக்கின் 26-ஏஎஸ் படிவம் உதவும். டிடிஎஸ் பிடித்திருந்தால், யார், எப்போது, எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த கால்ஷீட் செய்திகளையும் பத்திரப்படுத்துங்கள்.

பெயர் போடாததைப் பற்றி: 38-பி பிரிவின்படி நிகழ்த்துநர் என்று அடையாளம் காட்டப்படும் உரிமை உங்களுக்கு உண்டு. இதில் ஒரு விலக்கு இருக்கிறது. போகிற போக்கில் வந்துபோகிற, தொழில் வழக்கத்தில் பெயரே போடாத சிறு பங்களிப்புக்கு அந்த உரிமை கிடையாது. கூட்டத்தில் பேசும் க்ரவுட் வாய்ஸ் இதில் வரும். ஏழு வருடம் ஹீரோவாகப் பேசியது வராது என்று நான் வாதிடுவேன். 2006-இல் ஒரு பின்னணிப் பாடகி, முதன்மைப் பாடகி என்று தன் பெயர் வர வேண்டும் என்று கேட்டபோது டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இந்தக் கோரிக்கையில் உங்களுக்கு நியாயமும் இருக்கிறது, செலவும் குறைவு. ஒரு கடிதம் போதும். பெயர் ஒருமுறை வந்துவிட்டால், அடுத்த வேலைக்கு அதுவே சாட்சி.

குரலுக்கு காப்பிரைட்?

குரலை அப்படிப் பதிவு செய்ய முடியாது. பதிவான நிகழ்ச்சிக்குப் பாதுகாப்பு உண்டு, தொண்டைக்கு இல்லை. வர்த்தகச் சின்னமாக 30 விநாடிக்கு உட்பட்ட ஒரு ஒலியைப் பதிவு செய்யலாம் என்று 2017 விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் ஹீரோவின் வசனத்தை நீங்கள் பதிவு செய்யப் போனால் பிரச்சினை உங்களுக்குத்தான்.

ஆளுமை உரிமை என்று ஒன்றைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவர் பெயர், உருவம், வசனம் பேசும் பாணி ஆகியவற்றை அனுமதியின்றிப் பயன்படுத்த 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2023-இல் அனில் கபூருக்கு டெல்லி உயர் நீதிமன்றமும், 2024-இல் பாடகர் அரிஜித் சிங்குக்கு மும்பை உயர் நீதிமன்றமும், ஏஐ மூலம் குரலையும் ஆளுமையையும் நகல் எடுப்பதற்கு எதிராகப் பாதுகாப்புக் கொடுத்தன. நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் அவை எல்லாமே ஊரறிந்த மனிதர்களுக்குக் கிடைத்தவை. கேட்டவுடன் இது இன்னார் என்று தெரிய வேண்டும் என்பதுதான் அந்த உரிமையின் அடிப்படை. உங்கள் குரலை லட்சக்கணக்கான பிள்ளைகள் அறிவார்கள்; அது உங்கள் குரல் என்று அவர்களுக்குத் தெரியாது. டப்பிங் கலைஞர்களின் நிலைமையில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். நீதிமன்றத்தில் பிறகு போய்க் காப்பாற்றிக்கொள்ளலாம் என்ற தெம்பு ஒரு நட்சத்திரத்துக்கு இருக்கலாம். உங்களுக்கு அந்தக் காவல் ஒப்பந்தத் தாளிலேயே இருந்தாக வேண்டும்.

ஏஐ ஒப்பந்தம்

நீங்கள் அனுப்பிய வரைவைப் படித்தேன். இரண்டரைப் பக்கம். எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதற்கு "எந்த நோக்கத்துக்கும்" என்று ஒரே வரி. இதை நீங்கள் "ரெக்கார்டிங் வேலைதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. ஒரு எபிசோட் பேசினால் அந்த எபிசோடோடு வேலை முடிந்தது. இங்கே, நீங்கள் இனி பேசக்கூடிய எபிசோடுகளுக்கும் சேர்த்து இன்றே ஒரு தொகையில் கணக்கை முடிக்கிறார்கள். 25 மணி நேரத்துக்கான கூலியா, பல வருட வேலைக்கான விலையா என்று கேட்டுக்கொண்டு அந்தத் தொகையைப் பாருங்கள்.

கலிஃபோர்னியாவில் 2024-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். டிஜிட்டல் நகலை எதற்கெல்லாம் பயன்படுத்துவோம் என்று தெளிவாக எழுதாமல், வக்கீலோ யூனியனோ கூட இல்லாமல் கலைஞரிடம் வாங்கிய சம்மதம் செல்லாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஜூலையில் அங்கே வீடியோ கேம் குரல் கலைஞர்கள், ஏஐ நகலுக்குச் சம்மதமும் சம்பளமும் வேண்டும் என்று தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறக்குறைய ஒரு வருடம் நீடித்தது. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லாததால், அவர்கள் சட்டமாக வாங்கியதை நீங்கள் நிபந்தனையாகக் கேட்க வேண்டும். நான் வற்புறுத்துபவை:

• நோக்கத்தைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். பேருந்து அறிவிப்பா, பாடநூல் வாசிப்பா, வாடிக்கையாளர் சேவையா? கார்ட்டூன், சினிமா, விளம்பர டப்பிங்குக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் குரலே உங்களுக்குப் போட்டியாக வரும். அரசியல் பிரசாரம், சூதாட்டம், ஆபாசம் ஆகியவற்றுக்கு முழுத் தடை.

• கால அளவு இரண்டு அல்லது மூன்று வருடம். முடிந்ததும் பதிவுகளோடு, அவற்றிலிருந்து உருவாக்கிய குரல் மாதிரியையும் அழிக்க வேண்டும். வேறு நிறுவனத்துக்குக் கைமாற்ற வேண்டுமானால் உங்கள் எழுத்துச் சம்மதம் தேவை.

• முன்பணத்தோடு, பயன்பாட்டுக்கு ஏற்ற பணமும் வேண்டும். எங்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்ற பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும்.

• வழக்கு எந்த ஊரில் என்ற இடத்தில் சென்னை. நஷ்டம் எதுவானாலும் நீங்களே பொறுப்பு என்று ஒன்பதாம் பத்தியில் இருக்கிறது. அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: அந்தப் பையன் குரலில் ஒரு வரிகூடப் பதிவு செய்து தராதீர்கள். அவர்கள் தேடி வந்ததே அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை விற்றால் இரண்டு பக்கமும் அடி விழலாம். தொடரின் உரிமையாளர் தன் பாத்திரத்தைப் பயன்படுத்தியதாக உங்கள் மீது திரும்பலாம். அந்த ஒன்பதாம் பத்தி இருந்தால் நஷ்டமும் உங்கள் தலையில். இன்னொரு பக்கம், சிறுவர் குரல்தான் உங்களுக்கு அதிகம் சோறு போடுவது. அந்த ஒன்றையே மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் வாய்ஸ் டெஸ்டுக்குப் போய் என்ன பயன்?

வழக்கும் மற்றதும்

ஹீரோவுக்காக வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ராயல்டிக்காகத் தனி ஆளாக வழக்குத் தொடர வழி உண்டு. 62-ஆம் பிரிவின்படி, எதிர்த்தரப்பு மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே தொடரலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அவசரத் தடை கேட்காத வணிக வழக்கு என்றால் முதலில் சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும். ஆனால் கிடைக்கக்கூடிய தொகையையும், அதற்குள் நின்றுபோகக்கூடிய வேலையையும் வைத்துப் பார்த்தால், இதை ஒருவராகச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே தொடரில் பேசிய ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் என்னிடம் வாருங்கள், பேசலாம். பேசிய வேலைக்கு வராத பாக்கி இருந்தால் அது வேறு விஷயம். மூன்று வருடத்துக்குள் கேட்டுவிட வேண்டும், தள்ளிப் போடாதீர்கள்.

இனி வரும் வேலைகளுக்கு, சிறு தொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டணம் இல்லை. பதிவுக்குப் பிறகு செய்யும் வேலைக்கு, பணம் 45 நாளுக்கு மேல் தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். பில் போடும்போதே பதிவு எண்ணைப் போட்டுவிடுங்கள்.

சண்டைக் காட்சி அலறல்களால் குரல் கம்மிவிடுகிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை இவ்வளவு சாதாரணமாக விடக் கூடாது. 2016-இல் அமெரிக்க வீடியோ கேம் கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். கத்திப் பேசும் வேலையை ஒரே அமர்வில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று கேட்டார்கள். சாதாரண வசனங்களை முதலில் முடித்துவிட்டு, அலறல்களைக் கடைசியில் எடுக்கலாம் என்று சவுண்ட் இன்ஜினியரிடம் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

பள்ளிக் கட்டணத்துக்கு, தவணையில் கட்டுகிறேன் என்று பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். அந்த நெருக்கடிதான் உங்களைக் கையெழுத்தை நோக்கித் தள்ளுகிறது. நிறுவனத்துக்கு இன்றே ஒரு மெயில் போதும்: "வேலை செய்ய விருப்பம். என் இயல்பான குரல் மட்டும். நோக்கம், காலம், பயன்பாட்டுக் கட்டணம் ஆகியவற்றைச் சேர்த்துத் திருத்திய வரைவை அனுப்புங்கள். என் வக்கீல் பார்த்ததும் பதில் தருகிறேன்." மாதக் கடைசியைத் தாண்டினால் வாய்ப்புப் போய்விடும் என்று போனில் சொன்னால், அதையும் மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.